வெள்ளைக் கொட்டகைக்குப் பூண்டு கிடையாது

கோழிகளின் நலனுக்காக மூன்று மாடியில் ஒரு கட்டடம் எழுப்பியிருந்தார்கள். அதற்குள் கோழி ஒன்றுதான் கிடையாது, மற்றதெல்லாம் இருந்தது. ஒரு மாடி இயக்குநருக்கு. ஒரு மாடி கமிட்டிகளுக்கு. இன்னொரு மாடி, கமிட்டிகள் கூடி முடிக்கும்வரை வந்தவர்கள் காத்திருப்பதற்கு. அந்த மாடிதான் எப்போதும் நிரம்பி வழியும். வாசலில் 'இயற்கைத் தீவனக் கூட்டுப்பொருள் உயராய்வு மையம்' என்று பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்கள். அதை ஒரே மூச்சில் படிக்க முடிந்தவர்களை உள்ளே வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று வெளியே ஒரு பேச்சு உண்டு.

மையத்தின் கொள்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கறிக்கோழி மளமளவென்று வளரவும் நோய் நொடி வராமல் இருக்கவும் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்து போடுகிறார்கள், அது தப்பு. அதற்குப் பதிலாகப் பூண்டு, இஞ்சி, மஞ்சள், மிளகு, கருஞ்சீரகம் என்று மண்ணில் விளைந்ததைப் பொடித்துப் போடலாம். இதைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம் போதும். ஆனால் மையத்துக்குப் போதவில்லை. பொடி நிரப்பிய முதல் மூட்டையை ரிப்பன் வெட்டித் திறந்தார் இயக்குநர். இரண்டாவது மூட்டைக்கு மனவருத்தம் வந்துவிடக் கூடாது என்று துணை இயக்குநர் அதற்கும் ஒரு ரிப்பன் வெட்டினார். பிறகு எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்று பொடியைப் பார்த்தார்கள்.

பொடி தயார். அதைத் தின்பதற்குக் கோழி வேண்டுமே என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. அப்படித்தான் நம்முடைய பண்ணைக்காரர் அவர்கள் கண்ணில் பட்டார்.

பண்ணைக்காரருக்கு இரண்டு கொட்டகைகள். நடுவில் வீடு. வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். அதற்கு முந்திய பேட்ச்களில் குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வந்து கொத்துக் கொத்தாய்ச் செத்திருந்தன. விடிந்ததும் கொட்டகைக்குள் போய்ச் செத்த குஞ்சுகளைப் பொறுக்கி வாளியில் போடுவது மனைவியின் வேலை. போட்டுவிட்டு அந்த வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுவாள். கறிக்காக வளர்க்கும் கோழிக்கு யாராவது அழுவார்களா என்று கேட்டால், "கறியாகிறதுக்கு முன்னாடி அது குஞ்சுதானேங்க" என்பாள். எனவே குஞ்சைச் சாகவிடாத ஒரு பொடி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, "நாம சேர்ந்துடலாங்க" என்று முதலில் சொன்னது அவள்தான்.

இயக்குநர் நேரில் வந்து பார்த்தார். அவர் பின்னால் உயிர்ப் பாதுகாப்பு அதிகாரி, இன்ச் டேப்போடு.

"ரெண்டு கொட்டகையும் ஒரே அளவு, ஒரே கூரை, ஒரே காத்து. பிரமாதம்!" என்றார் இயக்குநர். "ஒண்ணுல பொடி போடுவோம். அது பச்சை. இன்னொண்ணுல வெறும் தீவனம். அது வெள்ளை. ஒப்பிட்டுப் பார்க்கணும் இல்லையா? ஆனா பார்த்துக்கறவங்க வேற வேற மாதிரி ஆளா இருந்தா எல்லாம் கெட்டுடும். ஒரே மாதிரி ரெண்டு பேர் வேணும்."

"நானும் என் வீட்டுக்காரியும்தான் சார் இருக்கோம்."

இயக்குநர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே சாப்பாடா?"

"ஆமா சார்."

"ஒரே தூக்கம், ஒரே கவலை?"

"கவலையை மட்டும் அவ கொஞ்சம் கூடுதலா எடுத்துக்குவா."

"சின்ன வேறுபாடு. விட்டுடலாம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார் இயக்குநர்.

யாருக்கு எந்தக் கொட்டகை என்று சீட்டுக் குலுக்கினார்கள். பண்ணைக்காரருக்குப் பச்சை வந்தது, மனைவிக்கு வெள்ளை. அவள் முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ என் குஞ்சுங்களுக்குப் பொடி கிடையாதா?"

"ஒண்ணுமே கொடுக்காத கொட்டகை ஒண்ணு இல்லைன்னா, கொடுத்த கொட்டகைக்கு என்னம்மா பெருமை?" என்றார் இயக்குநர். "உங்க பக்கம் எவ்வளவுக்கு எவ்வளவு மோசமா இருக்கோ, அவ்வளவுக்கு அறிவியல் வளரும். நீங்கதான் ஒப்பீட்டுப் பொறுப்பாளர். இந்தப் பதவி எங்க மையத்துலயே யாருக்கும் கிடையாது."

பதவி என்றதும் அவளுக்குக் கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது. அதுவரை ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அவளைப் பண்ணைக்காரர் சம்சாரம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒப்பீட்டுப் பொறுப்பாளர் என்று சேலையில் ஒரு அட்டை குத்திக்கொண்டபோது, கண்ணாடி முன்னால் போய் ஒரு முறை நின்றுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு உயிர்ப் பாதுகாப்பு அதிகாரி வேலையைத் தொடங்கினார். இரண்டு கொட்டகைக்கும் இடையில் எதுவும் கலந்துவிடக் கூடாது. காற்றோடு பொடி போகக் கூடாது, காலோடு போகக் கூடாது, கையோடு போகக் கூடாது. முற்றத்தில் கம்பி வேலி வந்தது. வேலி வீட்டுச் சுவரில் முட்டி நின்றபோது அதிகாரி தயங்கவேயில்லை. வீட்டுக்குள் பெயின்டால் ஒரு கோடு இழுத்து, கோட்டின் மேலேயே பலகை அடைத்துவிட்டார். படுக்கையறை பச்சைப் பக்கம் போனது. சமையலறை வெள்ளைப் பக்கம் போனது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வாசல், வாசலில் கிருமிநாசினி ஊற்றிய தொட்டி. காலை நனைக்காமல் யாரும் உள்ளே நுழையக் கூடாது.

"நான் எங்க சார் சாப்பிடறது?" என்று கேட்டார் பண்ணைக்காரர்.

"மைய கேன்டீன்ல இருந்து வரும்."

"அவ எங்க படுக்கறது?"

"சமையலறைல தரை இருக்கில்ல?"

அதோடு விட்டாரா? சமையலறை அலமாரியைத் திறந்து பூண்டு, இஞ்சி, மிளகு, மஞ்சள் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டுச் சீல் வைத்தார். மனைவி பதறிப்போனாள். "சார், அது கோழிக்கு இல்ல. நான் சாப்பிடறதுக்கு."

"நீங்க சாப்பிடுவீங்க. சாப்பிட்ட கையால தீவனம் போடுவீங்க. கோழி அந்தக் கையைக் கொத்தும். அப்புறம் அந்தக் கோழிக்குப் பூண்டு போகலைன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்றார் அதிகாரி. "வெள்ளைக் கொட்டகைக்குப் பூண்டு கிடையாது. அதைச் சேர்ந்தவங்களுக்கும் கிடையாது."

அந்த அதிகாரி எந்நேரமும் வேலியோரம் நின்று "தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததால், புருஷனும் மனைவியும் அவருக்குத் தள்ளிநில் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றுகொண்டு, "இன்னைக்குத் தள்ளிநில் வந்துச்சா?" என்று கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். இந்தச் சிரிப்பில்தான் முதல் பேட்ச் ஓடியது. உண்மையைச் சொன்னால், தள்ளிநில்லைவிட விதியில் கறாராக இருந்தது அவள்தான். ஒரு நாள் ஆசையாய் வேலிக்குள் விரலை விட்டார் பண்ணைக்காரர். "விரலை எடுங்க! பொடி ஒட்டியிருக்கும்" என்று அதட்டினாள். அதட்டிய பிறகு அவளுக்கே பாவமாக இருந்தது போலிருக்கிறது. தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

பேட்ச் முடிந்து எடை போட்டார்கள். வெள்ளைக் கொட்டகைக் கோழிகள் கூடுதல் எடை.

மையம் கிடுகிடுத்துப்போனது. கமிட்டி மாடியில் அன்று விளக்கு அணையவில்லை என்று சொன்னார்கள். மறுநாள் இயக்குநரே பரிவாரத்தோடு வந்து இறங்கினார்.

"பொடி தோற்காது" என்றார் எடுத்த எடுப்பில். "பொடி தோற்ற மாதிரி தெரிஞ்சா, தெரியறதுலதான் தப்பு."

மனைவியின் இரண்டு கைகளையும் முகர்ந்து பார்த்தார்கள். பூண்டு வாசனை இல்லை. தீவனத்தைச் சலித்தார்கள், தண்ணீரை வடிகட்டினார்கள், தரையில் பரப்பியிருந்த மரத்தூளைக் கிளறினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் தள்ளிநில்தான் கண்டுபிடித்தார். "இந்தம்மா கொட்டகைக்குள்ள பேசறாங்க சார். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். கோழிங்க எல்லாம் வந்து சுத்தி நின்னுக்குது. கேட்டுக்கிட்டே தின்னுது."

"கோழிகிட்ட என்னம்மா பேசுவீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவர்கிட்ட பேச வேண்டியதைத்தான் சார். அவர் அந்தப் பக்கம் இருக்காரே."

பண்ணைக்காரர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டார். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இயக்குநருக்கு எதையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கூடியிருந்தவர்களுக்கு ஒரு சிற்றுரை ஆற்றினார்.

"பேச்சு ஒரு கூட்டுப்பொருள். பதிவு பெறாத கூட்டுப்பொருள். எத்தனை கிராம் பேச்சு, என்ன தரம், எந்த நிலத்துல விளைஞ்சது, ஒண்ணும் தெரியாது. பாசத்தை மூட்டையில கட்ட முடியாது. மூட்டையில கட்ட முடியாததை இந்த மையம் இயற்கைன்னு ஏத்துக்காது."

"நானும் என் கோழிங்ககிட்ட பேசிடறேன் சார். ரெண்டு பக்கமும் சமமாயிடும்" என்றார் பண்ணைக்காரர்.

"அப்புறம் எடை கூடினது பொடியாலயா, உங்க பேச்சாலயான்னு எப்படிச் சொல்றது? புரியாம பேசாதீங்க. புரிஞ்சாலும் பேசாதீங்க."

அன்றிலிருந்து இரண்டு கொட்டகையிலும் பேசத் தடை. வேலியோரப் பேச்சும் கோழியின் காதில் விழும் என்பதால் அதற்கும் தடை. விடிந்ததும் அவள் வேலியோரம் வந்து நிற்பாள். இவர் வந்து நிற்பார். அவள் கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்துவாள், சாப்பிட்டாச்சா என்று. இவர் தலையாட்டுவார். கேன்டீன் சாப்பாடு வாயில் வைக்க விளங்காது என்பதற்குச் சைகை எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அதனால் நன்றாயிருந்தது என்பதுபோல் வயிற்றைத் தடவிக் காட்டுவார். அவள் அதை நம்பாமல் சிரிப்பாள். பிறகு இருவரும் அவரவர் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். இப்படியும் மனிதர்களைப் பிரித்து வைக்க முடியும் என்று சட்டம் படித்தவர்களுக்குக்கூடத் தோன்றியிருக்காது.

அடுத்த பேட்ச் பாதியில் இருக்கும்போது அவளுக்கு இருமல் வந்தது. மரத்தூள் தூசி, சமையலறைத் தரையின் ஈரம், காரமோ மணமோ இல்லாத சாப்பாடு. எது காரணமோ தெரியாது. முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் இருமினாள். கொட்டகைக்குள் சத்தம் கூடாதே! பிறகு பொத்தி வைக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது.

இருமல் என்று கேள்விப்பட்டதும் தள்ளிநில் ஓட்டமும் நடையுமாக வந்தார். கூடவே மூன்று பேர், முகமூடியும் கையுறையுமாக. நேரே வெள்ளைக் கொட்டகைக்குள் போய் ஒவ்வொரு கோழியாகப் பிடித்து அலகைத் திறந்து தொண்டையில் பஞ்சைத் தடவி எடுத்தார்கள். அவள் மூலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமியபடி, தப்பி ஓடிய கோழிகளை அவர்களுக்குப் பிடித்துக் கொடுத்தாள். சாயங்காலம் தள்ளிநில் முகமெல்லாம் மலர்ச்சியாக வேலியோரம் வந்தார்.

"நல்ல சேதி! கோழி எதுக்கும் ஒண்ணுமில்ல."

"சார், இருமினது கோழி இல்ல சார். என் வீட்டுக்காரி."

"அதான் கவலையே இல்லைன்னு சொல்றேன்."

பண்ணைக்காரர் தானே போய் ஒரு டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டரை உள்ளே விடமாட்டோம் என்றார்கள், அவர் எந்தப் பண்ணைக்குப் போய் வந்தாரோ யார் கண்டது. மனைவியைப் பண்ணைக் கேட்டுக்கு உள்ளேயும் டாக்டரை வெளியேயும் நிறுத்தி, கம்பிகளுக்கு நடுவில் ஸ்டெதாஸ்கோப்பை நுழைத்துப் பார்த்தார்கள். டாக்டர் முகத்தைச் சுளித்தார். "நுரையீரல்ல சளி இறங்கியிருக்கு. ஆன்டிபயாடிக் எழுதித் தர்றேன், இன்னைக்கே ஆரம்பிச்சுடுங்க. தள்ளிப் போடாதீங்க."

கேட்டில் ஒரு பலகை தொங்கியது. 'இவ்வளாகத்துள் ஆன்டிபயாடிக் எவ்வடிவிலும் நுழைதல் கூடாது.' மாத்திரை டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்ததும், மையம் அங்கே நிறுத்தியிருந்த காவலாளியின் முகம் வாடிப்போனது. "அண்ணே, இதை உள்ள விட்டா என் வேலை போயிடும்ணே" என்றான்.

"வெளியே நின்னு முழுங்கிட்டு உள்ள வந்துடட்டுமே" என்று தள்ளிநில்லிடம் கெஞ்சினார் பண்ணைக்காரர்.

"உள்ள வர்றது யாரு? அவங்கதானே? மருந்தோடதானே வருவாங்க?"

"அப்போ மருந்து முடியற வரைக்கும் வெளியே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில சேர்த்துடறேன்."

"தாராளமா. ஆனா ஒப்பீட்டுப் பொறுப்பாளர் நடுவுல வெளியேறினா பேட்ச் ரத்து. பேட்ச் ரத்தானா ரெண்டு கொட்டகைக் கோழியையும் குழி வெட்டிப் புதைக்கணும். விதி. எனக்கு மட்டும் ஆசையா என்ன?"

இதை அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். திரும்பி நடந்து வெள்ளைப் பக்கத்துத் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பண்ணைக்காரர் மையத்துக்கு ஓடினார். காத்திருப்பு மாடியில் உட்கார்ந்தார், அங்கேயே தூங்கினார், எழுந்து மறுபடியும் உட்கார்ந்தார். மேலே அவருடைய விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கோழிக்கு ஏதாவது என்றால் கோழிக் கமிட்டி, தீவனத்துக்கு ஏதாவது என்றால் தீவனக் கமிட்டி. மனைவிக்கு ஏதாவது என்றால் எந்தக் கமிட்டி? அதைத் தீர்மானிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். பண்ணைக்காரரின் மனைவியைக் கோழியாகக் கருத முடியாது என்று அது ஏகமனதாக முடிவு செய்தது. கருத முடிந்திருந்தால் அன்றே வைத்தியம் நடந்திருக்கும், ஏனென்றால் நோயுற்ற கோழியைத் தனியே எடுத்துப் பராமரிக்க விதியில் இடம் இருந்தது.

ஒருவழியாக இயக்குநர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"சார், ஆன்டிபயாடிக்தானே கூடாது? உங்க பொடியையாவது கொடுக்கறேன். பூண்டு, மிளகு, இஞ்சி எல்லாம் இருக்கே. வெந்நீர்ல கலக்கிக் கொடுக்கறேன். நான் அந்தப் பக்கம் போயி அவ பக்கத்துல இருந்து பார்த்துக்கறேன். அனுமதி மட்டும் கொடுங்க சார்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். உண்மையிலேயே அவருக்கு வருத்தமாக இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

"நீங்க என் இடத்துல இருந்து பாருங்க. எங்க பொடியைச் சாப்பிட்டு அவங்களுக்குக் குணமாயிட்டா, எனக்கு சந்தோஷமா இருக்காதா? ஆனா அவங்க வெள்ளைப் பக்கம் ஆச்சே! வெள்ளைப் பக்கத்துல குணமானா அது வெள்ளைக்கு வெற்றி. எங்க பொடியே எங்க பொடிக்கு எதிரா சாட்சி சொன்ன மாதிரி ஆகும். உலகத்துல எத்தனை கோடிக் கோழிங்க இந்த முடிவுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு தெரியுமா? நீங்க ஒருத்தரைப் பத்தி யோசிக்கிறீங்க. அது தப்புன்னு நான் சொல்லல. ஆனா நான் அப்படி யோசிக்க ஆரம்பிச்சா இந்தக் கட்டடம் எதுக்கு?"

"எனக்குக் கட்டடம் வேணாம் சார்."

"எடை போடற வரைக்கும் பொறுத்துக்கோங்க. அப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போங்க. உங்க மனு அதுக்கடுத்த கமிட்டிக்கு வரும். நானே முன்மொழியறேன்."

திரும்பி வந்தபோது அவள் வேலியோரம் உட்கார்ந்திருந்தாள். நிற்க முடியவில்லை. இவர் வேலிக்கு இந்தப் பக்கம் மண்ணில் உட்கார்ந்தார். அன்று அவளே தடையை மீறிப் பேசினாள், ரகசியமாக.

"எடை போடற வரைக்கும்தானேங்க? இருந்துடறேன். நான் போயிட்டா இதுங்களை உயிரோட குழியில போட்டு மூடிடுவாங்க. எத்தனை பேட்ச் வாளியில பொறுக்கிப் போட்டிருக்கேன். இந்த பேட்ச்ல ஒண்ணுகூடச் சாகலைங்க. ஒண்ணுகூட."

"உனக்கு முன்னாடி அதுங்க எனக்கு என்னடி?"

"அப்படிச் சொல்லாதீங்க. அதுங்க காதுல விழப்போகுது" என்று சொல்லிக்கொண்டே இருமினாள்.

அவர் விரலை வேலிக்குள் விட்டார். அவள் அதட்டவில்லை. தன் விரலால் அதைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சலில் அவள் கை கொதித்தது. அப்போதே வேலியைப் பிய்த்திருக்க வேண்டும். ஏன் பிய்க்கவில்லை என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆயுள் முழுக்க அதிகாரிகளைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிடும் மனிதர். அவள் வேண்டாம் என்கிறாள், அவர்கள் கூடாது என்கிறார்கள், இரண்டும் ஒன்றே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல என்று சொல்ல அருகில் யாருமில்லை.

அதற்கப்புறம் ஒரு காலையில் அவள் வேலியோரம் வரவில்லை.

அவர் காத்திருந்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். பதிலில்லை. வெள்ளைப் பக்கத்து வாசலுக்கு ஓடினார். ஓடினவர், பழக்க தோஷத்தில், தொட்டியில் ஒரு காலை நனைத்து, மறு காலையும் நனைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். அந்த இரண்டு கால்களையும் அதற்குப் பிறகு அவரால் மன்னிக்க முடியவில்லை.

அவள் கொட்டகைக்குள் தீவன மூட்டைமேல் சாய்ந்திருந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தீவனம் போட வந்தவள் போட்டுவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறாள். தட்டுகளெல்லாம் நிறைந்திருந்தன. தீவனம் தள்ளும் வண்டியில் அவளை ஏற்றித் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். கேட்டில் காவலாளி எந்தப் பலகையையும் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. கேட்டை அகலத் திறந்துவிட்டு, வண்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தானும் ஓடினான்.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். அவளுக்கு நடுவில் ஒருமுறை நினைவு வந்தது. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில் அவரைப் பார்த்துப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் கொஞ்சம் திகைத்தாள்.

"பேட்ச் ரத்தாயிடுச்சா?"

"இல்லம்மா. பரவாயில்லைன்னு விட்டுட்டாங்க."

"நிஜமா?"

"நிஜமாத்தான். இயக்குநரே சொன்னாரு."

வாழ்க்கையில் அவளிடம் அவர் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தப் பொய்யை மட்டும் அவள் கேள்வி கேட்காமல் நம்பினாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது தள்ளிநில் துக்கம் விசாரிக்க வந்திருந்தார். முகமூடியைக் கழற்றாமலே வருத்தம் தெரிவித்தார். பிறகு, வெள்ளைக் கொட்டகைக்குள் எந்த வழியாகப் போனீர்கள், எதையெல்லாம் தொட்டீர்கள், காலை நனைத்தீர்களா என்று மூன்று கேள்வி கேட்டார். நனைத்தேன் என்றார் பண்ணைக்காரர். அதிகாரிக்குப் பெரிய நிம்மதி.

"அப்போ குழி எங்க வெட்டணும்?" என்று கேட்டார் பண்ணைக்காரர். "அதுங்களைப் புதைக்கறதா இருந்தா என்னையும் சேர்த்துப் புதைச்சுடுங்க."

"அய்யய்யோ, அதெல்லாம் வேணாம்! எடை ரொம்ப நல்லா வந்திருக்கு. பச்சைதான் கூடுதல். இயக்குநர் விதியைத் தளர்த்திட்டார். இந்த மாதிரி நேரத்துல விதியா முக்கியம்?"

பண்ணைக்காரர் சொன்ன பொய் அப்படி உண்மையாகிவிட்டது. அதைப் போய்ச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

கொஞ்ச காலம் கழித்து மையத்தின் பெரிய அரங்கில் வெற்றி மாநாடு நடந்தது. பண்ணைக்காரரைக் கார் அனுப்பி அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். திரையில் பச்சைக் கோடு மேலேயும் வெள்ளைக் கோடு கீழேயும் ஓடியது. கடைசி நாட்களில் வெள்ளைக் கோடு சட்டென்று கீழே இறங்கியது. அந்த இடத்தில் இயக்குநர் குச்சியை வைத்துத் தட்டினார்.

"இங்க கவனிங்க. ஒப்பீட்டுக் கொட்டகை இங்கதான் சரியுது. பொடியில்லாத உயிர் எவ்வளவு தாங்கும்? அதோட எதிர்பாராத இன்னொரு முடிவும் கிடைச்சிருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பச்சைக் கொட்டகையைப் பார்த்துக்கிட்டவர் தினமும் நம்ம பொடியைச் சுவாசிச்சார். ஆரோக்கியமா இருக்கார். வெள்ளைக் கொட்டகையைப் பார்த்துக்கிட்டவங்களுக்குப் பொடியே கிடையாது. அவங்க இப்போ நம்மோட இல்ல. ஒரே மாதிரி ரெண்டு பேர், ஒரே சாப்பாடு, ஒரே கவலை! கோழிக்காக ஆரம்பிச்சோம், மனுஷன்கிட்ட வந்து நிக்கிறோம். அந்தம்மா செஞ்ச சேவையை மையம் மறக்காது. அவங்க இல்லைன்னா இந்தக் கோடு இவ்வளவு அழகா இறங்கியிருக்காது."

அரங்கம் எழுந்து நின்றது. பண்ணைக்காரரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஆரோக்கியமாக இருக்கிறார் என்று எல்லோரும் பார்க்கும்படி அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார்கள். அவர் திருப்பின பக்கமெல்லாம் திரும்பினார்.

"அடுத்த கட்ட ஆய்வும் உங்க பண்ணையிலதான்" என்றார் இயக்குநர், அவர் தோளில் கை போட்டுக்கொண்டு. "புதுசா ஒருத்தரைச் சேர்த்துக்கறோம். உங்களுக்குச் சீட்டே குலுக்க வேணாம். பச்சைப் பக்கத்தையே எடுத்துக்கோங்க."

"எனக்கு வெள்ளைப் பக்கம் வேணும் சார்."

இயக்குநர் ஒலிபெருக்கியிலிருந்து முகத்தை விலக்கினார். "யோசிச்சுச் சொல்லுங்க. அந்தப் பக்கம் பொடி கிடையாது. ஒண்ணுமே கிடையாது."

"தெரியும் சார். அவ படுத்திருந்த இடம் அங்கதான் இருக்கு. அந்தப் பக்கம் போக அனுமதி கொடுங்க. அன்னைக்கும் அதைத்தான் கேட்டேன்."

"இதுக்குப் போயி இவ்வளவு தயங்கறீங்களே!" என்று சிரித்தார் இயக்குநர். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். உதவியாளர் நீட்டிய தாளை மேடையில் நின்றபடியே இடது கையில் வைத்துக்கொண்டு, ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கமிட்டி கூடவில்லை. காத்திருப்பு மாடிக்கு யாரும் போகவில்லை.

பண்ணைக்காரர் தாளை வாங்கி, மை காயாத அந்தக் கையெழுத்தைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா சார்?"

"இவ்வளவுதான்."

பண்ணைக்காரர் மேடைப் படியிலேயே உட்கார்ந்து, தாளை மார்போடு பிடித்துக்கொண்டு, ஓவென்று வாய்விட்டு அழுதார். ஆஸ்பத்திரியிலும் அழாதவர், சுடுகாட்டிலும் அழாதவர், அன்று அத்தனை பேர் முன்னாலும் அழுதார். கீழே இருந்தவர்கள் அதை நன்றிக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, வெகுநேரம் கை தட்டினார்கள்.